ஒரு சிப்பாய்க்கு எத்தனை நகர்வு?

செஸ் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி காம்பிட் பற்றியவை. தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து வேகமும் தாக்குதலும் வாங்குவதுதான் காம்பிட். அதிலும் எவான்ஸ் காம்பிட்டைத்தான் பலர் கேட்டிருக்கிறார்கள். எனவே பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். காயின் பெயரும் அது போய் நிற்கும் கட்டமும் கொடுத்திருக்கிறோம். வெள்ளையின் இடக்கையிலிருந்து நெடுவரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச்; எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எத்தனையாவது வரிசை என்பது. வெறும் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு. x என்றால் வெட்டு; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் கருப்பின் நகர்வு; ! நல்ல நகர்வு, ? தவறான நகர்வு.

கேள்வி: ரேட்டிங் 1400. வெள்ளையில் இ4 ஆடி, மந்திரியை சி4க்குக் கொண்டுவந்து, டி3 போட்டு நிதானமாக ஆடுவேன். ஆட்டம் சோம்பலாகப் போய் டிராவில் முடிகிறது. அடித்து ஆட ஒரு காம்பிட் சொல்லுங்களேன். (சேலம் வாசகர்)

பதில்: புதிதாக எதையும் தேட வேண்டாம். நீங்கள் ஆடும் அதே தொடக்கத்தில் நான்காவது நகர்வை மாற்றினால் போதும்.

1.இ4 இ5 2.குதிரை எஃப்3, குதிரை சி6 3.மந்திரி சி4, மந்திரி சி5. இங்கே 4.பி4! இதுதான் எவான்ஸ் காம்பிட். வேல்ஸைச் சேர்ந்த கப்பல் கேப்டன் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் 1820களில் கண்டுபிடித்தது. கருப்பு மந்திரி பி4ஐ வெட்டும். 5.சி3 என்று அதை விரட்டுங்கள். 5...மந்திரி ஏ5 6.டி4.

இப்போது கணக்குப் பாருங்கள். கருப்பு மந்திரி மட்டும் சி5, பி4, ஏ5 என்று மூன்று முறை நகர்ந்திருக்கிறது. உங்கள் சி3, டி4 இரண்டும் நீங்கள் எப்படியும் போட நினைத்த நகர்வுகள்தான். அதில் முதல் நகர்வு, கருப்பு மந்திரியை விரட்டியபடி இலவசமாகவே வந்துவிட்டது. பி சிப்பாய் போனதால் சி1 மந்திரிக்கு ஏ3 கட்டம் கிடைக்கிறது, ராணிக்கு பி3 கிடைக்கிறது. ஏ3 மந்திரி எஃப்8 வரை பார்க்கும். அங்கே அது நிற்கும்வரை கருப்பு ராஜா பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) செய்ய முடியாது. பி3 ராணி சி4 மந்திரியோடு சேர்ந்து எஃப்7ஐக் குறிவைக்கும். ஒரு சிப்பாய் ஏறக்குறைய மூன்று நகர்வுக்குச் சமம் என்பது பழைய கணக்கு. நீங்கள் கொடுத்த விலைக்குப் பொருள் வந்திருக்கிறது.

6...இxடி4 ஆடினால் பலர் பதறிப்போய் சி3 சிப்பாயால் டி4ஐத் திருப்பி வெட்டப் பார்க்கிறார்கள். முடியாது. ஏ5 மந்திரிக்கும் இ1 ராஜாவுக்கும் நடுவில் அந்தச் சிப்பாய் கட்டுண்டு கிடக்கிறது, நகர்த்தினால் விதிமீறல். முதலில் 7.காஸ்லிங். பிறகு 7...மந்திரி பி6 8.சிxடி4 டி6 என்று வந்தால், 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஆயிரம் முறை அலசப்பட்ட நிலைக்கு வந்துவிட்டீர்கள். நடுவில் இ4, டி4 என்று இரண்டு சிப்பாய்கள், ராஜா பத்திரம், நகர்வும் உங்களுடையது. 9.குதிரை சி3.

இங்கே கருப்பு 9...குதிரை ஏ5 என்று சி4 மந்திரியைத் துரத்தும். மந்திரியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 10.மந்திரி ஜி5! என்று டி8 ராணியைத் தொடுங்கள். 10...எஃப்6 என்று தடுத்தால் 11.மந்திரி எஃப்4, இப்போது 11...குதிரை சி4ஐ வெட்டினாலும் 12.ராணி ஏ4 செக், 12...ராணி டி7 13.ராணி சி4 குதிரையை எடுத்துக்கொள்ளும். எஃப்6 சிப்பாய் முன்னே வந்துவிட்டதால் ஜி8 வரை போகும் மூலைவிட்டம் திறந்து கிடக்கிறது. இனி அந்த ராஜா எங்கே போய் ஒளியும் என்பது கருப்பின் கவலை.

கேள்வி: நான் எவான்ஸ் ஆடினால் எதிராளி இxடி4 ஆடுவதே இல்லை. 6...டி6 போட்டுவிடுகிறார். ராணிகள் மாறிப்போய் என் தாக்குதல் ஆவியாகிறது. (விருதுநகர் வாசகர்)

பதில்: உங்கள் எதிராளி லாஸ்கர் தற்காப்பைப் படித்திருக்கிறார். 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் காட்டிய வழி அது. எவான்ஸ் காம்பிட் பெரிய போட்டிகளில் அருகிப்போனதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

நீங்கள் 7.காஸ்லிங் செய்திருப்பீர்கள். அவர் 7...மந்திரி பி6 என்று அமைதியாகப் பின்வாங்குகிறார். 8.டிxஇ5 டிxஇ5 9.ராணி டி8ஐ வெட்டி செக், குதிரை டி8ஐத் திருப்பி வெட்டும். 10.குதிரை இ5 சிப்பாயை எடுத்துக்கொள்ளும். சிப்பாய் எண்ணிக்கை சமம்தான். ஆனால் உங்கள் ஏ2, சி3 இரண்டும் துணையில்லாத தனிச் சிப்பாய்கள். அவருடைய ஏ7, பி7, சி7 மூன்றும் கோத்து நிற்கின்றன. முடிவாட்டத்தில் இந்த வித்தியாசமே உங்களை மெதுவாகக் கொல்லும். அவர் சிப்பாயைத் திருப்பிக் கொடுத்தது பயத்தால் அல்ல. உங்கள் தாக்குதலை அந்த விலைக்கு வாங்கிவிட்டார்.

மருந்து இருக்கிறது. 6...டி6க்குக் காஸ்லிங் செய்யாமல் 7.ராணி பி3! ஆடுங்கள். எஃப்7இல் இரட்டைத் தாக்குதல். இதற்கு 7...ராணி இ7 என்பது இயல்பாகக் கைக்கு வரும் பதில். அதுதான் பெரிய தவறு. 8.டி5! என்று சி6 குதிரையைத் தள்ளுங்கள். அது பி8க்கோ டி8க்கோ போனால் 9.ராணி ஏ4 செக். ஏ5 மந்திரி போச்சு. 8...குதிரை டி4 ஆடினாலும் 9.குதிரை டி4ஐ வெட்ட, இxடி4 10.ராணி ஏ4 செக். மறுபடியும் அதே மந்திரி.

சரியான பதில் 7...ராணி டி7. இ7 கட்டம் குதிரைக்குக் காலியாக இருக்கிறது, ஏ4 செக்கும் இல்லை. அதன் பிறகு 8.டிxஇ5 மந்திரி பி6 என்று வரும். கருப்பின் எண்ணம் குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் ராணியையும் சி4 மந்திரியையும் ஒரே நேரத்தில் தொடுவது. 9.பி1 குதிரையை டி2இல் வையுங்கள். சி4இல் மந்திரியை வெட்டினால் குதிரையால் திருப்பி வெட்டலாம். நேரடி மேட் தாக்குதல் கிடைக்காது; ஆனால் ராணிகள் பலகையில் இருக்கின்றன, கருப்பு ராணி டி7இல் தன் சி8 மந்திரியின் வழியை அடைத்து நிற்கிறது. உங்களுக்குப் பிடித்த வகை ஆட்டம்தான்.

இன்னொன்று: டி6இல் கருப்புச் சிப்பாய் நிற்கும்போது மந்திரியை ஏ3க்குக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். அந்த மந்திரி டி6 சுவரை முட்டிக்கொண்டு நிற்கும். இ5 என்று குத்தி அந்தச் சிப்பாயை விலக வைக்க முடியுமானால் மட்டும் ஏ3. இல்லாவிட்டால் பி2 அல்லது ஜி5.

கேள்வி: கருப்பில் நான். எதிராளி பி4 போட்டதும் கை நடுங்குகிறது. எடுப்பதா, விடுவதா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: எடுங்கள். 4...மந்திரி பி6 என்று மறுக்கலாம், தவறில்லை; ஆனால் 5.ஏ4 வந்ததும் அடுத்து ஏ5 என்று உங்கள் மந்திரியை மூலையில் அடைக்கும் மிரட்டல் உண்டு. உடனே ஏ6 போட்டு அதற்கு ஏ7 கட்டத்தைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் மந்திரி காலி.

எடுத்த பிறகுதான் பெரும்பாலோர் விழுகிறார்கள்; காரணம் பேராசை. 4...மந்திரி பி4 5.சி3 மந்திரி ஏ5 6.டி4 இxடி4 7.காஸ்லிங். இங்கே 7...டிxசி3 என்று மூன்றாவது சிப்பாயையும் வாரிக்கொள்ளத் தோன்றும். 8.ராணி பி3, எஃப்7க்கு மிரட்டல். 8...ராணி எஃப்6 9.இ5! இப்போது 9...குதிரை இ5ஐ வெட்டினால் 10.யானை இ1, அந்தக் குதிரை உங்கள் ராஜாவோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிடும். 10...டி6 என்று காப்பாற்றினால் 11.ராணி பி5 செக். எதை நடுவில் வைத்தாலும் ஏ5 மந்திரி விழும். எனவே 9...ராணி ஜி6தான் ஆட வேண்டும், 10.குதிரை சி3 ஒரு சிப்பாயைத் திருப்பி வாங்கிக்கொண்டு 11.மந்திரி ஏ3க்குத் தயாராகும். கணினி கையில் இருந்தால் இரண்டு சிப்பாய் கூடுதலோடு தாக்குப்பிடிக்கலாம். மனிதக் கைக்குக் கஷ்டம்.

நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே நகர்வு: 7...ஜி8 குதிரை இ7! எஃப்6 அல்ல, இ7. எஃப்6இல் வைத்தால் இ5 சிப்பாய் வந்து விரட்டும். இ7இல் நின்றால் அடுத்து டி5 என்று நடுவை உடைக்கலாம். 8.சிxடி4 டி5! 9.இxடி5, இ7 குதிரை டி5ஐ வெட்டும். வெள்ளையின் கம்பீரமான நடு சிப்பாய் ஜோடி உடைந்துபோனது. டி4இல் ஒரு தனிச் சிப்பாய் மிச்சம். 8.குதிரை ஜி5 என்று எஃப்7ஐக் குறிவைத்தாலும் பதில் அதேதான்: 8...டி5 9.இxடி5, இப்போது டி5ஐ வெட்டாமல் 9...சி6 குதிரை இ5! அது சி4 மந்திரியைத் தொடுகிறது, எஃப்7ஐயும் காக்கிறது.

கேள்வி: ஆனந்தையே உலகச் சாம்பியனாக இருந்த காஸ்பரோவ் எவான்ஸ் காம்பிட்டில் 25 நகர்வில் தோற்கடித்தாராமே? ஆனந்த் எங்கே தவறினார்? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: 1995, ரீகா நகரில் நடந்த தால் நினைவுப் போட்டி. கருப்பில் ஆனந்த், மந்திரியை ஏ5க்குக் கொண்டுபோகாமல் 5...மந்திரி இ7 ஆடினார். நல்ல நகர்வு. 6.டி4 குதிரை ஏ5! என்பது அதன் உள்ளர்த்தம். 7.குதிரை இ5ஐ எடுத்தால் 7...குதிரை சி4ஐ வெட்டி, 8.குதிரை சி4, டி5 என்று சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து இரண்டு மந்திரிகளோடு வசதியாக ஆடலாம்.

காஸ்பரோவ் அந்தப் பேரத்துக்கு வரவில்லை. 7.மந்திரி இ2 என்று மந்திரியை எடுத்து வைத்துக்கொண்டார். 7...இxடி4 8.ராணி டி4! சிப்பாயால் வெட்டாமல் ராணியால் வெட்டி ஜி7ஐத் தொட்டார். 8...குதிரை எஃப்6 9.இ5 குதிரை சி6 10.ராணி ஹெச்4 குதிரை டி5 11.ராணி ஜி3. மறுபடியும் ஜி7. 11...ஜி6 போட வேண்டியதாயிற்று. ஹெச்6, எஃப்6 கட்டங்கள் ஓட்டையாயின. 12.காஸ்லிங் குதிரை பி6 13.சி4 டி6 14.யானை டி1 குதிரை டி7 15.மந்திரி ஹெச்6! காஸ்லிங் வழி மூடியது.

ஆனந்தின் முதல் 14 நகர்வுகளை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். குதிரை நகர்வுகள் ஏழு, மந்திரி நகர்வுகள் மூன்று, சிப்பாய் நகர்வுகள் நான்கு. ராணி, இரு யானைகள், சி8 மந்திரி எதுவும் அசையவில்லை. ஒவ்வொரு நகர்வும் தனியாகப் பார்த்தால் நியாயமானதே. எதிராளி எதையோ தொடுகிறார், நாம் விலகுகிறோம். காம்பிட்டின் வேலையே அதுதான். கடைசியில் 25.யானை இ1 வந்தபோது கருப்பு ராஜா எஃப்7இல், ராணி இ7இல், மந்திரி இ6இல். எஃப்4 குதிரையும் இ3 ராணியும் அந்த மந்திரியைக் குறிவைத்திருக்க, வெள்ளை மந்திரியும் சி4க்கு வரப்போகிறது. ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

கேள்வி: ராஜா காம்பிட் ஆடுகிறேன். 1.இ4 இ5 2.எஃப்4 இxஎஃப்4 3.குதிரை எஃப்3 ஜி5. பிறகு என்ன செய்வது என்றே தெரியவில்லை. (திருச்சி வாசகர்)

பதில்: 4.ஹெச்4, உடனே. ஒரு நகர்வு தாமதித்தால் கருப்பு மந்திரியை ஜி7இலும் சிப்பாயை ஹெச்6இலும் வைத்து அந்தச் சங்கிலியைப் பூட்டிவிடும். இப்போது 4...ஹெச்6 போட்டால் 5.ஹெச்xஜி5, திருப்பி வெட்டினால் ஹெச்8 யானை போய்விடும். எனவே 4...ஜி4 5.குதிரை இ5. நல்ல எதிராளி 5...குதிரை எஃப்6 ஆடுவார். 6.டி4 டி6 7.குதிரை டி3, குதிரை இ4ஐ வெட்டும், 8.மந்திரி எஃப்4ஐ வெட்டும். சிப்பாய் ஒன்று குறைவுதான். ஆனால் கருப்பின் ராஜா பக்கச் சிப்பாய்கள் சிதறியிருக்கின்றன.

மூன்றாம் நகர்வில் குதிரை எஃப்3ஐ விட்டு டி4 ஆடிப்பார்க்கும் ஆசை வேண்டாம். 3...ராணி ஹெச்4 செக். ஜி3 என்று தடுத்தால் எஃப்xஜி3, அடுத்து யானை போகும். ராஜா இ2க்கு நடக்க வேண்டியதுதான்.

ராஜா காம்பிட்டை ஒழித்துக்கட்டப் பார்த்தவர், பின்னாளில் உலகச் சாம்பியனான பாபி ஃபிஷர். 1960இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியிடம் இந்த காம்பிட்டில் தோற்றார்; அடுத்த ஆண்டே 3...டி6 ஆடினால் வெள்ளைக்கு வேலையில்லை என்று கட்டுரை எழுதினார். இ5 கட்டத்தைக் குதிரைக்கு மறுப்பதுதான் அதன் சாரம். பிறகு ஜி5, ஜி4 வரும்போது எஃப்3 குதிரைக்குப் போக நல்ல இடமிருக்காது. அதே ஃபிஷர் பின்னாளில் வெள்ளையில் ராஜா காம்பிட் ஆடினார், 3.மந்திரி சி4 என்று. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினி எல்லா காம்பிட்டையும் மைனஸில், அதாவது ஆடுகிறவருக்குப் பாதகமாகக் காட்டுகிறது. பிறகு எதற்கு ஆட வேண்டும்?

பதில்: எல்லாவற்றையும் அல்ல. எவான்ஸை ஏறக்குறைய சமம் என்கிறது. ராஜா காம்பிட்டில்தான் கருப்புப் பக்கம் தெளிவாகச் சாய்கிறது. 15 நிமிட ரேபிட்டில் எவான்ஸுக்கு எதிராக ஆறு சரியான நகர்வுகளைத் தொடர்ந்து கண்டுபிடிக்க எதிராளிக்கு நேரம் போதாது. 90 நிமிட ஆட்டத்தில் போதும்; எதிராளி முன்கூட்டியே தயாரித்து வந்திருந்தால் உங்கள் ஆச்சரியமும் வீண். அங்கே ஒரே காம்பிட்டைத் தொடர்ந்து ஆடாதீர்கள்.

கணினியை மதிப்பெண் பார்க்க வைக்காமல் எதிராளியாக வையுங்கள். 6.டி4 வரை காய்களை நிறுத்தி, அங்கிருந்து ஆடுங்கள். தோற்ற ஆட்டத்தில் பத்தாவது நகர்வில் நிறுத்தி இரு பக்கமும் வெளியே வந்த காய்களை எண்ணுங்கள். நீங்கள் இரண்டு, மூன்று காய் முன்னால் இல்லை என்றால் தவறு அதற்கு முன்பே நடந்திருக்கிறது. அநேகமாக ஒரே காயை இருமுறை நகர்த்தியிருப்பீர்கள்.

கேள்வி: ஸ்டாஃபோர்ட் காம்பிட் ஆன்லைனில் எனக்கு நன்றாக வேலை செய்கிறது. போட்டியில் ஆடலாமா?

பதில்: வேண்டாம். 1.இ4 இ5 2.குதிரை எஃப்3, குதிரை எஃப்6 3.குதிரை இ5ஐ வெட்ட, குதிரை சி6 4.குதிரை சி6ஐ வெட்ட, டிxசி6 5.டி3 மந்திரி சி5. வெள்ளை 6.மந்திரி ஜி5? ஆடினால் 6...குதிரை இ4! 7.மந்திரி டி8 ராணியை வெட்டினால் 7...மந்திரி எஃப்2 செக் 8.ராஜா இ2 மந்திரி ஜி4 மேட். பார்க்க அழகு. ஆனால் 6.மந்திரி இ2 ஆடி, பிறகு சி3, டி4 என்று நடுவை மூடினால் உங்களிடம் ஒரு சிப்பாய் குறைவு மட்டுமே மிஞ்சும். எதிராளி தவறினால்தான் பலன் என்றால் அது கண்ணி. எவான்ஸில் எதிராளி சரியாக ஆடினாலும் உங்களுக்கு ஏதோ மிச்சமிருக்கும்.

கேள்வி: தாக்குதல் தேய்ந்துவிட்டது, ஒரு சிப்பாய் குறைவு. அப்படியே தோற்க வேண்டியதுதானா? (காம்பிட் ஆடி அலுத்த வாசகர், மதுரை)

பதில்: சிப்பாய்களை மாற்றுங்கள், காய்களை மாற்றாதீர்கள். சிப்பாய்கள் குறையக் குறைய எதிராளியின் கூடுதல் சிப்பாய் மதிப்பிழக்கும். எல்லாச் சிப்பாய்களும் ஒரே பக்கத்தில் மட்டும் மிஞ்சினால் மூன்றுக்கு இரண்டு என்ற யானை முடிவாட்டம் பெரும்பாலும் டிரா. மந்திரி மாற்றம் வந்தால், மிஞ்சும் இரண்டு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடும்படி பார்த்து மாற்றுங்கள். அந்த நிலையில் ஒரு சிப்பாய் குறைவைப் பல நேரம் தாங்கலாம். யானையைத் தன் சிப்பாய்க்குக் காவலாகப் பின்னால் உட்கார வைக்காமல் ஏழாவது வரிசைக்கு அனுப்புங்கள்.

அதற்கும் முன்னால், எட்டு அல்லது ஒன்பதாம் நகர்விலேயே சிப்பாயைத் திருப்பி எடுக்க வாய்ப்பு வந்தால், தாக்குதல் வலுவிழக்காமல் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்தால் ராணிகள் மாறும் என்றால், மாறிய பிறகு யாருடைய சிப்பாய்கள் கோத்து நிற்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விருதுநகர் வாசகருக்குச் சொன்ன லாஸ்கர் நிலை அப்படிப்பட்டதுதான்.